வா என்றால் நாலு

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய செவ்வாய்க் கிரக நாவலை என் அண்ணன் மகள் பரீதா படமாக எடுக்கிறாள். இன்று ஃபிஜியின் சிகடோகா மணல்மேட்டில் படப்பிடிப்பு. அந்த மணல்தான் செவ்வாய்.

அங்கே மிஞ்சியிருப்பது ஒரு சிறுமியும் ஒரு ரோபோவும் மட்டுமே. அந்தத் தனிமைதான் என் கதையே.

படத்தில் பேச்சு இந்திதான். ரோபோவிடம் மட்டும் அவள் தமிழ் பேசுவாள்.

சிறுமி கையை நீட்டி "வா" என்றாள்.

உடம்பெல்லாம் வெள்ளித்தாள் சுற்றிய ரோபோ, அதாவது எங்கள் பக்கத்து வீட்டு ஃபிஜியன் பையன் சேரு, அசையாமல் நின்றான்.

"நாலா? நான் ஒரு ஆளுதானே இருக்கேன்?"

ஃபிஜியன் மொழியில் 'வா' என்றால் நாலு.

எல்லோரும் சிரித்தோம். பரீதா மட்டும் யோசித்தாள்.

"அரே சாச்சா, நாலு ரோபோ வந்தா படம் ஜோரா இருக்கும்."

"அப்போ தனிமை என்னம்மா ஆகுறது?"

"நாலு பேரும் தனித்தனியா நிப்பாங்க."

சேருவின் தம்பிகள் மூவருக்கும் வெள்ளித்தாள் சுற்றியாயிற்று.

நாளைக்குக் கடைசிக் காட்சி. சிறுமி சொல்ல வேண்டியது, "வா, வீட்டுக்குப் போகலாம்."

ஃபிஜியன் தெரிந்த நண்பர்களே, 'விட்டு' என்றால் ஏழு என்பதைத் தயவுசெய்து யாரும் பரீதாவிடம் சொல்லிவிடாதீர்கள்.