டோர்வல் சமையற்கூடத்தில் ஒரு மூவணி ட்ரேட்

1. ஜூன் மாதத்துக் கன்ரீன்

அன்ரனும் ஸ்ரெல்லாவும் தங்கள் குழந்தையை மொன்றியலின் டோர்வல் பஸ் தரிப்பிடத்தில் கைமாற்றிக்கொள்வதை இரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறேன். அவள் டே ஷிப்ட் முடித்து வெளியே வருவாள். அவன் குழந்தையோடு ஈவினிங் ஷிப்டுக்கு வந்து இறங்குவான். பால் குடித்ததா, காய்ச்சல் விட்டதா என்று இரண்டு வார்த்தை பேசுவார்கள். அந்தக் கிழமை கர்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், பிள்ளைக்கு இடம் கிடைத்திருந்தது. இனி அன்ரனுக்கும் டே ஷிப்ட் கிடைத்துவிட்டால் மூவரும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையற்கூடம் எங்களுடையது. நான் அங்கே லீட் ஹாண்ட், ஒரு குழுவை நடத்துபவள். கோடையில் ஷிப்ட் பிட் நடக்கும். சீனியோரிட்டிப்படி ஒவ்வொருவராக சூப்பர்வைசர் மிஷேலின் அறைக்குள் போய், மிச்சமிருக்கும் ஷிப்டுகளில் ஒன்றை எடுக்கவேண்டும். கூடைப்பந்து ட்ராஃப்டும் இதே சங்கதிதான். அங்கே அணிகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும்.

பள்ளியில் வலைப்பந்து ஆடிய எனக்குக் கூடைப்பந்துப் பைத்தியம் சுலபமாகத் தொற்றிக்கொண்டது. நாங்கள் ஆதரிக்கும் அணி யாரை எடுக்கும், யாரை விற்கும் என்று ஜூன் முழுக்கக் கன்ரீனில் கணிப்பு நடக்கும். எனக்கு எதிராளி ஜோசெஃப். ஹெயிட்டிக்காரர், பாத்திரம் கழுவும் பகுதி. தோற்றவர் எல்லோருக்கும் தின்பண்டம் கொண்டுவரவேண்டும். அவர் சொன்னவற்றை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்; அவர் பேசியது பிரெஞ்சு.

“உயரமான சென்டர் ஒருத்தன்தான் இவங்களுக்குத் தேவை. அவனைத்தான் எடுப்பாங்கள்,” என்றேன் நான்.

“உமக்கு உயரத்தைத் தவிர ஒண்டும் தெரியாது. பந்தைக் கொண்டு ஓடுற கார்ட் இல்லாமல் சென்டரை வைச்சு என்ன செய்யிறது?” என்றார் ஜோசெஃப்.

எங்கள் வாய் அதோடு நிற்கவில்லை. ஷிப்ட் பிட்டையும் கணியுங்கள் என்று சனம் கேட்டது. டே ஷிப்டில் வேலை பிழிந்தெடுக்கும். ஐரோப்பா விமானங்களுக்கான தட்டெல்லாம் அப்போதுதான் தயாராகும். மேலதிகாரிகளும் தலைக்கு மேலே நிற்பார்கள். ஆகவே வரிசையில் கடைசி ஆளான அன்ரனின் முறை வரும்வரை ஒரு டே ஷிப்டாவது மிஞ்சும் என்று நான் அடித்துச் சொன்னேன். இந்தமுறை டே ஷிப்ட் குறைவு, யாராவது முந்திவிடுவார்கள் என்று ஜோசெஃப் அடித்துச் சொன்னார்.

2. ஆட்டு மந்தை

பிட் அன்று முதலாவதாகப் போனவர் டே ஷிப்ட் எடுத்தார். இரண்டாமவரும் அதையே எடுத்தார். வரிசையில் நின்றவர்கள் விடுவார்களா? ஏதோ ஆதாயம் இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று ஆளுக்காள் டே ஷிப்டை அள்ளினார்கள். வருடக்கணக்காக ஈவினிங்கில் இருந்த ஜோசெஃபே கடைசி டே ஷிப்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

அடுத்தது லவால் புறநகரிலிருந்து வேலைக்கு வரும் சிவம். ஞாயிறு லீவோடு ஓர் ஈவினிங் ஷிப்ட் இருந்தது. அதைப் பிடித்தான். கடைசியில் போன அன்ரனுக்கு மிஞ்சியது திங்களும் செவ்வாயும் லீவான ஈவினிங்.

தன் டே ஷிப்டை முன்னமே எடுத்துவிட்ட ஸ்ரெல்லா, தட்டு அடுக்கும் ட்ரே லைனில் நின்றபடி என்னைப் பார்த்தாள். “பறவாயில்லை அக்கா. எங்களுக்குப் பழகிப்போச்சு,” என்றாள்.

3. தொலைக்காட்சி சொன்ன வழி

ட்ராஃப்ட் அன்று வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாத நானும் இடைவேளையில் வந்த ஜோசெஃபும் கன்ரீன் ரீவிக்கு முன்னால் குந்தியிருந்தோம். நம் அணியின் முறை வந்தது. சென்டரும் இல்லை, கார்டும் இல்லை! அந்த முறையையே வேறோர் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த அணி இன்னோர் அணிக்கு ஓர் ஆட்டக்காரனைக் கொடுத்தது. அங்கிருந்து அனுபவசாலி ஒருவன் நம்மிடம் வந்தான். மூன்று அணிகளும் சிரித்த முகத்தோடு போயின.

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். “ஜோசெஃப், உமக்கு உண்மையில எந்த ஷிப்ட் வேணும்?”

“ஈவினிங். காலையில மகளைப் பள்ளிக்கூடத்தில விடவேணும். ஞாயிறு பின்னேரம் சேர்ச்சில நான்தானே மேளம்.”

“பேந்து ஏன் டே எடுத்தனீர்?”

“எல்லாரும் எடுத்தினம்!”

மறுநாள் சிவத்தைப் பிடித்தேன். “நீ ஏன்ரா ஞாயிறு லீவை எடுத்தனி?”

“எல்லாரும் ஆசைப்படுற சாமான் அக்கா, விடலாமோ? ஆனா மனிசியின்ர சலூன் பூட்டுறது திங்கள்தான்.”

கணக்கு அப்படியே பொருந்தியது. ஜோசெஃபின் டே ஷிப்ட் அன்ரனுக்கு. சிவத்தின் ஞாயிறு ஜோசெஃபுக்கு. அன்ரனின் திங்கள் சிவத்துக்கு. மூவரையும் கூட்டிக்கொண்டு மிஷேலிடம் போனேன்.

“இரண்டு பேர் மாறலாம். மூன்று பேர் என்று விதியில் இல்லை,” என்றார் மிஷேல்.

“கூடாதெண்டும் இல்லையே! கூடைப்பந்தில இதுக்கு மூவணி ட்ரேட் எண்டு பேர்.”

அவர் உதட்டைப் பிதுக்கினார். ஹொக்கிக்கு உயிரை விடும் மொன்றியலில் இருக்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஹொக்கியிலயும் இருக்கு,” என்றேன்.

மிஷேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனாவைத் தேடினார்.

4. முதல் நாள் சாப்பாடு

புதிதாக லீட் ஹாண்ட் ஆகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று கெட்டித்தனமாகக் கணித்துக்கொண்டிருக்காதீர்கள். வாயைத் திறந்து கேளுங்கள். அணி முதலாளிகளைத்தான் நம்மால் கேட்க முடியாது. பக்கத்தில் நிற்பவரைக் கேட்கலாமே.

அன்ரன் டே ஷிப்டுக்கு வந்த முதல் நாள், கணவனும் மனைவியும் கன்ரீனில் எதிரெதிரே அமர்ந்து சாப்பிட்டார்கள். அன்ரன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, கத்தரிக்காயை எல்லாம் பொறுக்கி ஓரத்தில் வைத்தான். ஸ்ரெல்லாவின் கை அந்தரத்தில் நின்றது.

“நீங்கள் கத்தரிக்காய் சாப்பிடுறேல்லையோ?”

“இல்லை.”

“இரண்டு வருஷமா விடிய எழும்பிச் சமைச்சு வைக்கிறன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“எப்ப சொல்லுறது? உம்மைக் கண்டாத்தானே!”

கன்ரீனே வெடித்துச் சிரித்தது. ஸ்ரெல்லாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். பிறகு தன் பெட்டியிலிருந்த முட்டைப் பொரியலை அவனுடைய சோற்றில் போட்டுவிட்டு, “வேற என்னென்ன பிடிக்காது? இப்பவே சொல்லுங்கோ,” என்றாள்.