எழுவாயைத் தேடச் சொன்னவர்

ஷமீம் டீச்சர் இறந்த செய்தி வந்தபோது நான் பத்தாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். உளுந்தூர்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் அவருடைய தம்பி அழைத்தார். “அக்கா மவுத்தாயிட்டாங்க சார். நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி.” பிள்ளைகளிடம் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. பின்வரிசையில் யாரோ மேசையை ஓங்கிக் குத்திய சத்தம் மட்டும் காதில் நிற்கிறது.

மலைமேல் இருக்கும் வெள்ளிமலையில் எங்கள் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியராக அவர் வந்த அன்று, ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார்: “இன்னா தப்பு பண்ணீங்க டீச்சர், இங்க தூக்கிப் போட்டுட்டாங்க?”

“நான் கேட்டு வாங்கிக்கினு வந்தேன் சார். இங்க வேலை பாக்கறது தண்டனைன்னா, இங்கயே பொறந்த புள்ளைங்க இன்னா தப்பு பண்ணிச்சுங்க?”

அதன்பின் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அவரோடு பழகியவர்களுக்கு அவருடைய இலக்கண மீள்பார்வை தெரிந்திருக்கும். மைதானத்தில் மூன்று பிள்ளைகளை நிறுத்துவார். ஒருத்தி சப்ஜெக்ட், ஒருவன் ஆப்ஜெக்ட், இன்னொருத்தி வெர்ப். ‘செல்வி ஆட்டை ஓட்டினாள்.’ தமிழில் வெர்ப் கடைசியில் நிற்கும். “இங்கிலீஷ்!” என்று டீச்சர் குரல் கொடுத்ததும் அந்தப் பெண் ஓடிவந்து நடுவில் நிற்க வேண்டும். சிரிப்பும் புழுதியுமாக இருக்கும். ஆனால் அதற்குப்பின் ஒரு பிள்ளையும் வெர்பை இடம் மாற்றி எழுதியதில்லை.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் இதைப் பார்த்து முகம் சுளித்தார். “இந்தப் பசங்களுக்கு நவுன், வெர்ப் எல்லாம் எதுக்கும்மா? ரெண்டு கட்டுரையை மனப்பாடம் பண்ண வெச்சு பாஸ் பண்ண வைங்க, போதும்.”

“உங்க வூட்டுப் புள்ளைக்கும் அது போதுமா சார்?” என்றார் டீச்சர். அதிகாரி தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். டீச்சர் மைதானத்துக்குத் திரும்பிப்போய் அட்ஜெக்டிவை ஆரம்பித்தார்.

அந்த ஆண்டுதான் மாலைப் பேருந்தை நிறுத்தினார்கள். தூரத்து ஊர்ப் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பள்ளிக்கு வராமல் நின்றார்கள். ‘மாலைப் பேருந்து நிறுத்தப்பட்டுள்ளது’ என்ற அறிவிப்பை டீச்சர் அப்படியே கரும்பலகையில் எழுதினார். அன்று பாடம் பேசிவ் வாய்ஸ்.

“வெர்ப் எது?”

“நிறுத்து.”

“எதை நிறுத்தினாங்க?”

“பஸ்ஸை.”

“நிறுத்தினது யாரு?”

பிள்ளைகள் பலகையை மறுபடி படித்துப் பார்த்தார்கள். அதில் யார் பேரும் இல்லை.

“‘பட்டது’, ‘பட்டுள்ளது’ன்னு முடிஞ்சா பின்னாடி யாரோ ஒளிஞ்சிக்கினு இருக்காங்க. எழுவாயைத் தேடுங்க.”

தேடினார்கள். பெற்றோரைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிப் பணிமனைக்கே போனார்கள். டீச்சரும் போனார், நானும் போனேன். “மேலிடத்து உத்தரவும்மா” என்றார் அங்கிருந்தவர். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். “மேலிடம்னா யாருங்க? அவங்க பேரைச் சொல்லுங்க, அவங்களையே கேட்டுக்கறோம்.” கொஞ்ச நாளில் பேருந்து திரும்ப வந்தது. நின்றுபோன பிள்ளைகளில் பெரும்பாலோர் வந்தார்கள். இருவருக்கு மட்டும் அதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது. அந்தக் கோபம் டீச்சருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

டீச்சருக்கு விளக்கம் கேட்டு ஓர் ஓலை வந்தது: ‘மாணவர்கள் தூண்டிவிடப்பட்டுள்ளனர்.’ பயந்துபோய், மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னோம். அவர் எழுதியது இவ்வளவுதான்: ‘மாணவர்களை நான் தூண்டினேன். இந்த வாக்கியத்தின் எழுவாய் நான்.’ மேற்கொண்டு எதுவும் வரவில்லை.

அடக்கம் முடிந்த வாரமே, அவர் இடத்துக்கு ஆள் கேட்டுக் கல்வி அலுவலகம் போனேன். “மலைக்கு யார் சார் வருவாங்க? பரீட்சை வரைக்கும் சமாளிங்க” என்றார்கள். இத்தனை வருட வேலையில் நான் அங்கெல்லாம் கைகட்டி நின்றுதான் பேசியிருக்கிறேன். ஷமீம் டீச்சர் எந்த அலுவலகத்திலும் நின்று பேசியதில்லை. யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் வாயைத் திறப்பார்.

நானும் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“இன்னா சார் இது?” என்றார் எதிரில் இருந்தவர்.

“ஆள் போடுங்க, எழுந்துக்கறேன்” என்றேன்.

டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். திருப்பிக் கொடுப்பதாக இல்லை.