முதல் குத்து

தெருவில் அவளுக்கு ஊசிக்காரம்மா என்றுதான் பெயர். ஓர் ஆய்வுக்கூடத்தில் நோயாளிகளிடம் ரத்தம் எடுப்பது அவள் வேலை. அன்றைய முதல் ஆளிடம் ஒரே குத்தில் நரம்பு கிடைத்துவிட்டால் பிறகு எந்தக் கையும் அவளை ஏமாற்றாது. முதல் ஆளிடம் தவறினால் அந்த நாளே தவறிப்போகும். இப்படித்தான் அவள் நம்பினாள். ஒருநாள் அப்படியே நடந்தும் விட்டது. ஒரு குழந்தையின் இரண்டு கைகளையும் சல்லடையாக்கி, அதன் தாய் எல்லோர் முன்னாலும் "நீயெல்லாம் மனுஷியா?" என்று கேட்க, கழிப்பறையில் தாழ்போட்டுக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை சமையலறையில் கணவனிடம் கையை நீட்டச் சொன்னாள். சரக்கு வேன் ஓட்டுகிறவன். மூட்டை தூக்கித் தூக்கி நரம்பு கயிறாகப் புடைத்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும் கிடைக்கும். ஸ்பிரிட் தடவி, புது ஊசியால் குத்தி, ரத்தம் எட்டிப் பார்த்ததும் உருவிவிட்டாள். அன்று ஆய்வுக்கூடத்தில் ஒரு தவறுகூட இல்லை. அதோடு அது தினப்படி வழக்கமாகிவிட்டது.

"அவனவன் பெண்டாட்டி காலையில காபி குடுப்பா. எனக்கு ஊசி" என்று சிரிப்பான். "எல்லாம் உன் மனப்பிரமைடி" என்பான். கையை மட்டும் தவறாமல் நீட்டுவான்.

அந்தக் கைதான் அவன் வேலைக்கு உலை வைத்தது. சட்டையை மடித்துவிட்டுச் சரக்கு இறக்கும்போது, முழங்கை மடிப்பில் இருந்த ஊசித் தழும்புகளை முதலாளி பார்த்துவிட்டார். போதை ஊசி போடுகிறவனுக்கு வண்டி கிடையாது என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அன்றிரவு அவன் அவளிடம் சொன்னான்:

"பெண்டாட்டிதான் குத்தறான்னு சொன்னேன். ஆபீஸே சிரிக்குது. நீ வந்து சொல்லு. இல்லேன்னா எவனும் எனக்கு வண்டி தரமாட்டான்."

மறுநாள் காலை சமையலறையில் கையைக் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் போகும் வழியில் இருவரும் முதலாளி முன்னால் நின்றார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ரத்தம் எடுக்கறவளுக்கு தினம் ஒத்திகை எதுக்கும்மா? புருஷனைக் காப்பாத்த வந்தே, சரி. கதையைக் கொஞ்சம் நம்பற மாதிரி சொல்லக்கூடாதா?"

"சத்தியமா சார்."

அவர் சட்டையைச் சுருட்டிவிட்டுக் கையை மேசைமேல் வைத்தார். "எங்கே, எடு பார்க்கலாம்."

பையில் எல்லாம் இருந்தது. நரம்பு புடைக்கக் கையில் கட்டும் ரப்பர் பட்டையை எடுத்தபோது கணவன் அவள் காதோரம் குனிந்தான். "முதல்ல என்னைக் குத்திடு. அப்புறம் அவரை."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நிமிர்ந்தாள். அவன் உதடு உலர்ந்திருந்தது. மனப்பிரமை என்று இத்தனை காலம் சிரித்தவன், தன் கை இல்லாமல் இவளால் முடியாது என்று இவளைவிட உறுதியாக நம்பிக்கொண்டிருந்தான்.

அவள் அவன் கையை விலக்கிவிட்டு முதலாளியின் கையில் பட்டையைக் கட்டினாள். விரலுக்கு நரம்பு அகப்படவே இல்லை. குத்தினாள், வரவில்லை. ஊசியை மாற்றி வேறிடத்தில் குத்தினாள். அங்கும் இல்லை. மற்றக் கையை எடுத்தாள்.

"ஐயோ, போதும் தாயே, விடு!" முதலாளி கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "இப்ப நம்பறேன்டா. இவகிட்ட தினம் மாட்டிக்கிட்டு உன் கை இன்னும் கழண்டு விழாம இருக்கே, அதுவே அதிசயம்." சாவியைத் தூக்கிப் போட்டார்.

தெருவுக்கு வந்ததும் கணவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பொழைச்சோம்! நல்லவேளை, உனக்குக் கிடைக்கலை!" என்றான். சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, "நாளையிலேர்ந்து இடது கை. சட்டையை இறக்கி விட்டுக்கறேன்" என்றான்.

அவள் ஆய்வுக்கூடத்தின் பக்கம் திரும்பி நடந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் பெஞ்சு நிரம்பியிருந்தது. முதலில் வந்தவள் மெலிந்த பெண். முகத்தைத் திருப்பிக்கொண்டு குச்சிக் கையை நீட்டினாள். "ஒரே குத்துதானேம்மா?"

ஊசிக்காரம்மா பட்டையைக் கட்டி விரலை வைத்தாள். அந்த நாள் ஏற்கெனவே தவறிப்போயிருந்தது.