சாவி டிரைவரின் கை

மாநகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதற்குள் இலை வடிவத்தில் பச்சையாக ஒரு விருது நிற்கிறது. நகரங்களுக்குள் சுற்றுச்சூழல் போட்டி வைத்து, காற்றைச் சுத்தமாக வைத்திருக்கும் ஊர் என்று கொடுத்தது. வரி கட்ட வருகிறவர்கள் அந்த அலமாரியில் சாய்ந்துகொண்டுதான் தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். அது எப்படி வந்தது என்று கேட்டால் மரம் நட்டோம், குப்பையைப் பிரித்தோம் என்று அதிகாரிகள் நீட்டி முழக்குவார்கள். நட்டதும் உண்மை, பிரித்ததும் உண்மை. ஆனால் சாவி டிரைவரை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்வது பச்சை அநியாயம்.

அவர் டவுன் பஸ் ஓட்டியவர். அவர் போகும் வழியில் ஒரு ரயில்வே கேட் இருந்தது. மூடினால் லேசில் திறக்காது. சரக்கு ரயில் வந்தால் பெட்டிகளை எண்ணியே பிள்ளைகள் கணக்குப் பாடம் படித்துவிடலாம். அத்தனை நேரமும் லாரி, கார், ஆட்டோ, ஸ்கூட்டர் எல்லாம் இன்ஜினை ஓட விட்டபடி உறுமிக்கொண்டு நிற்கும். கேட்டை ஒட்டி அவர் மனைவியின் தையல் கடை. பள்ளிச் சீருடைதான் அங்கே முக்கியமான வேலை. வெள்ளைச் சட்டையைத் தைத்து மாட்டிவைத்தால் மறுநாள் காலருக்கு மேல் கரிப்பொடி படிந்திருக்கும். சட்டையைத் துவைத்துவிடலாம். அவள் நெஞ்சுக்குள் போனதை என்ன செய்வது? இழுப்பு வந்துவிட்டது. கடையை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார் டாக்டர். டிரைவரும் அதையே பிடித்துக்கொண்டார்.

"கேட்ல நிக்கிற சனம்தாங்க என் வாடிக்கை. இங்கேருந்து போனா நான் யாருக்குத் தைக்கிறது?" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

பிறகு ஒரு நாள், கேட் மூடியிருந்தபோது, டிரைவர் சீட்டிலிருந்தபடியே கடையைப் பார்த்தார். அவள் ஒரு கையால் சட்டையைத் தட்டிக்கொண்டு மறு கையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தாள். கடைக்குள் போய்க்கொண்டிருந்த புகை அவருடைய பஸ்ஸின் புகை. மனுஷனுக்குச் சுருக்கென்றது. இன்ஜினை நிறுத்தினார்.

நல்ல காரியத்துக்குக் கிடைத்த முதல் பரிசு, பஸ் திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. கேட் திறந்தது, பின்னால் அத்தனை ஹாரனும் அலறியது, பயணிகள் இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டித் தள்ளினார்கள். கண்டக்டர் டிக்கெட் பையைக் கழுத்தில் போட்டபடி தள்ளிக்கொண்டே திட்டினார். டிப்போவில் மெமோ கொடுத்தார்கள். டிரைவர் மெக்கானிக்கின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி நல்ல பேட்டரி வாங்கிப் போட்டுக்கொண்டார். மறுபடியும் கேட்டில் நிறுத்தினார். இந்த முறை கீழே இறங்கி மற்ற வண்டிகளிடமும் போனார்.

அந்த இரைச்சலில் யார் காதில் என்ன விழும்? அதனால் கையை உயர்த்தி, சாவியைத் திருகுவதுபோல மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பிக் காட்டினார். இதில் ஒரு வேடிக்கை. அவருடைய பஸ்ஸில் இன்ஜினை நிறுத்தச் சாவியே கிடையாது, ஒரு குமிழை இழுக்க வேண்டும். இழுப்பதுபோலக் காட்டியிருந்தால் ஜனங்கள் ஏதோ மிரட்டுகிறான் என்று அடிக்க வந்திருப்பார்கள்.

முதலில் சிரித்தார்கள். ஒரு லாரிக்காரர் டீசலுக்கு உங்கப்பனா காசு கொடுக்கிறான் என்றார். நிறுத்தினால் மிச்சம்தானே என்று இவர் சொன்னதும் அந்த ஆள் முறைத்தார். கோபத்தில் நிறுத்தினார், ஆனால் நிறுத்தினார். சிலர் அந்தக் கைக்கு வெட்கப்பட்டு நிறுத்தினார்கள், சிலர் அக்கம்பக்கம் பார்த்து நிறுத்தினார்கள். மெல்ல மெல்ல அது கேட்டின் வழக்கமாகிவிட்டது. அவர் அங்கே இல்லாத வேளையிலும் நடந்தது.

அந்த அமைதியை அனுபவித்தவர்களைக் கேட்க வேண்டும். கேட் இறங்கியதும் ஒவ்வொரு இன்ஜினாக அடங்கும். அதற்குப் பிறகு தையல் மெஷினின் கடகட கேட்கும். பஸ்ஸுக்குள் ஒரு குழந்தை வாய்ப்பாடு சொல்வது கேட்கும். கார்க்காரர் கண்ணாடியை இறக்கி ஆட்டோக்காரரிடம் உடம்புக்கு எப்படி என்று விசாரிப்பார். அங்கே ஒரு கல்யாணமே பேசி முடிந்ததாகக் கேள்வி. பொய்யாகவும் இருக்கலாம், ஆனால் யாரும் மறுக்கவில்லை. தையல்காரிக்கு இருமல் குறைந்தது. பட்டன் தைக்கக் கொடுப்பவர்கள் கேட் திறப்பதற்குள் வாங்கிப் போனார்கள். சாவி டிரைவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு கடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தன் வாழ்க்கையில் அதைவிட நல்ல நேரம் இருந்ததில்லை என்று பின்னாளில் அடிக்கடி சொன்னார்.

அந்தக் கை ஊருக்குள்ளும் பரவியது. வகுப்பில் சத்தம் போட்டால் டீச்சர் மணிக்கட்டைத் திருப்பினார். வீட்டில் மாமியார் பேச ஆரம்பித்தால் மருமகள் மறைவாகத் திருப்பினாள்.

அப்புறம்தான் போட்டி வந்தது. நடுவர்களுக்குக் கேட்டைக் காட்டுவதென்று மாநகராட்சி முடிவு செய்தது. சாவி டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை, அதையும் மனைவியே தைத்தது. ஆனால் நடுவர்கள் வந்த வேளையில் ரயில் இல்லை. ஓர் அதிகாரி கேட்காரரிடம் சும்மா மூடுங்கள் என்றார். கேட்காரர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் பெருமை ஆசையில் தலையை ஆட்டித் தொலைத்தார்.

அந்த ஊர்க்காரர்களுக்கு ரயில் நேரம் தங்கள் பிள்ளைகள் வயதைவிட நன்றாகத் தெரியும். வராத ரயிலுக்கு யாராவது இன்ஜினை நிறுத்துவார்களா? ஹாரன் காதைக் கிழித்தது, புகை மண்டியது. டிரைவர் புதுச் சட்டையோடு நடுரோட்டில் நின்று மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒருவர்கூட மதிக்கவில்லை. தையல்காரி இருமிக்கொண்டே வெளியே வந்தாள்.

"அண்ணே, கேட்டத் தூக்குங்க. ரயில் வந்தாத்தான் நிறுத்துவாங்க, யாரு சொன்னாலும் நிறுத்த மாட்டாங்க" என்றாள் கேட்காரரிடம். டிரைவரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. நடுவர்களில் வயதான ஓர் அம்மாள் மட்டும் சிரித்துவிட்டு, அடுத்த ரயில் எப்போது என்று கேட்டார். கடையிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தும்விட்டார். உண்மையான ரயிலுக்குக் கேட் இறங்கியது. டிரைவர் வெட்கத்தில் கையைத் தூக்கவே இல்லை. யாரும் சொல்லாமலே ஒவ்வொரு இன்ஜினாக அடங்கியது. அந்த அம்மாள் ரயில் போகும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

விருது கிடைத்தது. விருதோடு பணமும் வந்தது. வண்டிகள் நின்று புகைவிட வேண்டாமே என்று அந்தப் பணத்தில் கேட்டுக்கு மேலே மேம்பாலம் கட்டினார்கள். இத்தனை வருஷம் புகை புகை என்று அலைந்தவர் எந்த வாயால் பாலம் வேண்டாம் என்பார்? திறப்பு விழாவில் அவருக்கு முன்வரிசை நாற்காலி போட்டார்கள். கைதட்டிவிட்டு வந்தார்.

கேட்டைப் பூட்டிவிட்டார்கள். தலைக்கு மேலே வண்டிகள் பறந்தன, கீழே யாரும் நிற்கவில்லை. சீருடைகளைப் பள்ளியே மொத்தமாக வெளியில் வாங்கத் தொடங்கியது. தையல்காரி மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். டிரைவரும் ஓய்வு பெற்றார். பாலத்தடியில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவார்.

"எனக்கு இப்ப மூச்சு நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் அடைக்குது" என்றாள் அவள் ஒரு நாள். அது நிஜம்.

வருஷங்கள் போயின. ஒரு மழைக்காலத்தில் தையல்காரிக்குப் பழைய இழுப்பு திரும்பி வந்தது. இந்த முறை விடவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டிருந்தார்கள். அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு டிரைவர் உட்கார்ந்திருந்தார். பாழாய்ப்போன அந்தப் பழைய புகைதான் இது, நான்தான் சீக்கிரம் நிறுத்தாமல் போய்விட்டேன் என்று மனசு அரித்தது. அடுத்த கட்டிலில் ஒரு பெரிய குடும்பம், யார் துணைக்கு இருப்பது என்று பெருஞ்சண்டை. அவள் கண்ணை மூடுவதும் திடுக்கிட்டுத் திறப்பதுமாக இருந்தாள். டிரைவர் எழுந்து போய்க் கெஞ்சினார். கிழவர் பேச்சை யார் கேட்பார்கள்?

நர்ஸ் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். சின்னப் பெண், பாலத்தைக் கட்டிய பிறகு பிறந்திருப்பாள். அவள் வாயே திறக்கவில்லை. கையை உயர்த்தி, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினாள்.

வார்டு அடங்கியது. ஒவ்வொருவராக, ஒவ்வொரு கட்டிலாக. கடைசியில் ஆக்சிஜன் சீறும் ஓசையும் மனைவியின் மூச்சும் மட்டும் கேட்டன.

நர்ஸ் ஊசி போட வந்தபோது டிரைவர் மெல்ல விசாரித்தார். "ஏம்மா, இப்படிக் கையத் திருப்புறது யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லிக் கொடுக்கல ஐயா. எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான்" என்றாள் நர்ஸ். "நீங்க வெளியூரா?"

கட்டிலில் தையல்காரி கண்ணை அகலத் திறந்தாள். ஒரு கையால் மாஸ்க்கைத் தூக்கி, இவரைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அவர் அவளைப் பார்த்து மணிக்கட்டைத் திருப்பினார்.