தேத்தண்ணியோடு இறங்கிய கம்பி

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள் மார்கிரட். கணவன் இறந்தபின் லயத்து வரிசை வீட்டில் அவர்களுக்கிருந்த ஒற்றை அறைக் காம்பிராவுக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அவள் வேலையே ஆதாரம். தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பெயரை வெட்டிவிட்டால் காம்பிராவையும் காலி செய்ய வேண்டியதுதான்.

அவளுடைய வியாதியோ கண்ணாமூச்சி ஆடியது. மலையில் நிற்கும்போதே நெஞ்சு தறிகெட்டு ஓடும், கண் இருட்டும். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் அடங்கிவிடும்.

"மழ தூறுனாத்தான் ஒனக்கு நெஞ்சு துடிக்குமோ? இன்னொருக்கா விழுந்தா பேர வெட்டிருவேன்" என்றார் மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு.

தோட்டத்து டாக்டரய்யா மட்டும் அவளை நம்பிக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தபோது நெஞ்சு ஓடத் தொடங்கியது. "மாதாவே, இப்ப நிப்பாட்டிராதீங்க" என்று, அது அடங்கக் கூடாதென முதன்முறையாக வேண்டிக்கொண்டாள்.

மார்பில் கருவி வைத்துக் காகிதத்தில் எடுத்த துடிப்புக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிக் கிடந்தன. சிங்கள டாக்டர் சொன்னதைக் கொட்டகலைக்காரியான நர்ஸ் சிசிலி தமிழில் சொன்னாள்.

"சாப்பாட்டுக் கொழா இருதயத்துக்குப் பின்னாலயே போகுதுக்கா. அதுக்குள்ள இந்தக் கம்பிய எறக்குனா துடிப்பு தெளிவா விழும். ஆனா ரொம்ப ஓங்கரிச்சா இந்த நெஞ்சு ஓட்டம் அடங்குனாலும் அடங்கிரும், பொறகு கோட்டுல ஒண்ணும் விழாது."

மூக்கு வழியே விட்ட, கம்பி வைத்த மெல்லிய ரப்பர் குழாய் தொண்டையைத் தொட்டதும் குமட்டியது. கொடுத்த தண்ணீரில் ஒரு மிடறும் இறங்கவில்லை. டாக்டர் குழாயை வெளியே இழுத்தார்.

"பச்சத் தண்ணி எறங்காது தங்கச்சி. பாலில்லாம வெறுந்தேத்தண்ணி குடுங்க. கையில கொஞ்சம் சீனியும்" என்றாள் மார்கிரட்.

"லயத்து நாக்கு!" என்று சிரித்துக்கொண்டே ஓடினாள் சிசிலி.

ஆற்றிய தேத்தண்ணி வந்தது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் குடிப்பதுபோலவே மார்கிரட் உள்ளங்கைச் சீனியை நக்கினாள், ஒரு மிடறு விழுங்கினாள், மறுபடி நக்கினாள். மிடற்றுக்கு மிடறு, டாக்டர் மறுபடி விட்ட கம்பியும் உள்ளே போயிற்று. இயந்திரத்திலிருந்து காகிதம் நீளமாக வந்தது. இருதயத்தின் மேலறைத் துடிப்பு இப்போது தனியாகத் தெரிந்தது.

"ஹரி, ஹரி!" என்று சிங்களத்தில் 'சரி, சரி' சொன்னார் டாக்டர். சிசிலி மார்கிரட்டின் கண்ணைத் துடைத்துவிட்டாள். "நடிப்பில்லக்கா, நெசமான நெஞ்சு வருத்தந்தானாம். மருந்து இருக்காம்."

மாத்திரையோடும் வியாதி நிஜமென்று டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டோடும் மலைக்குத் திரும்பியவளைக் கண்டாக்கு ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னா, கம்பிய முழுங்கினியாமே?"

"ஆமாங்கய்யா. இனி எம்பேர வெட்டுறதுன்னா கம்பியயும் சேத்து வெட்டணும், கத்தியத் தீட்டிக்கிட்டு வாங்க."

கொழுந்துக்காரிகள் கொல்லென்று சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு அவள் கொழுந்து பறிக்க வேண்டிய செடி வரிசையை, நிரையைக் காட்டினார்.

டாக்டரின் பெயர் மார்கிரட்டுக்குக் கடைசிவரை தெரியாது. ஆனாலும் காலையில் சீனியைக் கையில் கொட்டியதும், "சிசிலியும் அந்த டாக்டரும் நல்லாருக்கணும்" என்று சொன்ன பிறகுதான் கோப்பையை எடுப்பாள்.