பஜ்ஜியோடு ஒரு படம்

போன மாதம் எங்கள் மாடி வீட்டு வைத்தி மாமா போய்விட்டார். காலை காபியைக் குடித்து, "சர்க்கரை கம்மி" என்று குறையும் சொல்லிவிட்டு, சோபாவில் சாய்ந்தவர்தான். எதிரில் நானும் இருந்தேன். தூங்குகிறார் என்றே நினைத்தேன்.

இந்த வயதில் எனக்குக் கல்யாணப் பத்திரிகையைவிட இந்த மாதிரி செய்திதான் அதிகம் வருகிறது. போகிற வீட்டிலெல்லாம் மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு... இந்த மனுஷர் எப்படித்தான் வாழ்ந்தார்?

மாமா விஷயத்தில் பதில் ஒரு போட்டோவில் இருந்தது.

துக்கம் முடிக்கிற பதிமூணாம் நாள் சுபத்துக்கு ஹாலில் மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். மாமிக்கு ஒரே பிடிவாதம். "சிரிச்சிண்டு இருக்கற படமா இருக்கணும். உம்முனு இருக்கற மூஞ்சியை தினம் பார்த்துண்டு நான் எப்படிடா இருப்பேன்?"

மகன் ரகு பீரோவை உருட்டினான், செல்போனைத் துழாவினான். பாஸ்போர்ட், ஆதார், பேங்கில் ரிடையர் ஆனபோது போட்ட சால்வை... எல்லாவற்றிலும் மாமா கோர்ட்டில் நிற்பவர்போல விறைப்பு. அப்படியா மனுஷர்? லிஃப்ட்டில் ஏறினால் இறங்குவதற்குள் நம்மைச் சிரிக்க வைத்துவிடுவாரே!

கடைசியில் ஒன்று கிடைத்தது. பெசன்ட் நகர் பீச். கையில் பாதி கடித்த மிளகாய் பஜ்ஜி, உப்பிய கன்னம், உதட்டோரம் சட்னி, காரத்தில் கண்ணீர் — வாய் கொள்ளாத சிரிப்பு.

லஸ் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்கு ரகுவோடு நானும் போனேன். கடைக்காரர் படத்தைப் பார்த்தார். "இன்னா சார், கையில பஜ்ஜி கீது? தூக்கிட்லாம். வாயத் தொடச்சி, கோட்டு மாட்டி, பின்னாடி ப்ளூ குடுத்தா கெத்தா இருக்கும்."

நம் ஊரில் செத்தவர்கள் பாதிப் பேர் கோட்டு போட்டுத்தானே சுவரில் ஏறுகிறார்கள்? ரகுவும் தலையாட்டிவிட்டான்.

தயாரானதை மாமிக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். உடனே போன்.

"யாருடா இது? பஜ்ஜியை எடுத்துட்டா அவர் எதுக்குச் சிரிக்கறார்னு யாருக்குத் தெரியும்?" அழுதுகொண்டே அதட்டினார் மாமி. "டாக்டர் வேண்டாம்னார், நானும் வேண்டாம்னேன். கேக்காம வாங்கித் தின்னுட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சார். அப்படியே போடுடா!"

அப்படியே போட்டார்கள். சுபத்துக்கு வந்தவர்கள் கைகூப்பி நிமிர்ந்தார்கள்... பஜ்ஜியைப் பார்த்தார்கள்... சிரித்துவிட்டார்கள். அப்புறம்தான் அழுதார்கள். மாமி அதையெல்லாம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

உயில் எழுதுகிறோம், இன்ஷூரன்ஸ் கட்டுகிறோம். பின்னால் மாட்டுவதற்கு ஒரு சிரிப்பைச் சேர்த்து வைத்திருக்கிறோமா? வீட்டுக்கு வந்து என் போட்டோக்களைப் பார்த்தேன். முக்கால்வாசியில் நான் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்!

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரை பீச்சுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பஜ்ஜி வாங்கி, ஒரே கடி. போனை நீட்டியவர், "இரு இரு, வாயைத் தொடைச்சுக்கோ" என்றார்.

"தொடைக்க மாட்டேன். அப்படியே எடுங்க!"