எட்டும் எரியட்டும்

செல்விதான் தொலைபேசியில் சொன்னாள். "அக்கா, நம்ம டாக்டரம்மா தவறிட்டாங்களாம். கோயமுத்தூர்ல, மகன் வீட்டுல. தூக்கத்துலயே உசுரு போயிருச்சாம்." நடுவட்டத்துக்குக் கீழே இருந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டர் ரூத்திடம் செவிலியாக இருந்தவள் நான். செல்வி அங்கே தேயிலைக் கொழுந்து பறித்தவள்.

தேயிலை விலை சரிந்து கிடந்த வருடங்கள் அவை. எஸ்டேட் முதலில் ஆம்புலன்ஸை விற்றது, பிறகு அதன் டிரைவரை நிறுத்தியது. முதலாளி வெளிநாட்டிலிருந்து ஆசையாய் இறக்கிய பெரிய கார் மட்டும் வாங்க ஆளில்லாமல் நின்றது. பின் இருக்கைகளை மடக்கி, மெத்தை விரித்து, அதை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டார்கள். டாக்டரம்மாவே ஓட்டினார். ஐந்தடிகூட இல்லாதவர், முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்வார். "கொம்பன் வருது, பாகனை எங்கடி காணோம்?" என்று பறிக்கும் பெண்கள் கேலி செய்வார்கள். அவர் ஹாரன் அடித்துப் பதில் சொல்வார்.

அந்த எஞ்சினுக்கு எட்டு சிலிண்டர்கள். பாரம் குறைவென்று தோன்றினால், பெட்ரோலை மிச்சம் பிடிக்கத் தானாகவே நான்கை நிறுத்திவிடும். ஏற்றம் வந்ததும் மறுபடி எழுப்பும். எத்தனை ஓடுகின்றன என்று முன்னால் ஒரு சிறிய திரை காட்டும். சமவெளிக்கு அது நல்ல ஏற்பாடுதான். எங்கள் சாலையோ வளைவுக்கு வளைவு ஏறி, சற்றே மட்டமாகி, மறுபடி ஏறுவது.

செல்விக்கு எட்டாம் மாதத்தில் ரத்தப்போக்கு தொடங்கியது. ஊட்டிக்குக் கிளம்பினோம். நடுப்பகலிலும் மூடுபனி விலகவில்லை. நான் பின்னால் குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்திருந்தேன். நான்கு எட்டாகும்போதெல்லாம் வண்டி ஒரு கணம் தயங்கி உலுக்கியது. உலுக்கும்போதெல்லாம் செல்வி கத்தினாள். "ஆட்டாமக் கொண்டு போங்க தாயி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று அவள் மாமியார் அழுதார்.

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். கியர் தானாக மாறும் வண்டி அது; இறக்கங்களில் கியரைத் தம் கையால் மாற்றி ஓட்டும்போது நான்கு என்ற எண் வருவதில்லை என்பதை அவர் முன்பே கவனித்திருக்க வேண்டும். கியர் ராடைக் கையால் மாற்றும் நிலைக்கு இழுத்தார். "எட்டும் எரியட்டும்" என்றார். உலுக்கல் நின்றது. எஞ்சின் ஒரே குரலில் முழங்கியது. முன்கண்ணாடிக்கு அப்பால் சாலையே தெரியவில்லை. அந்தச் சிறிய உருவம் அவ்வளவு பெரிய வண்டியை, பாட்டிலில் இருந்த நீர்கூட அசையாமல், மலைமேல் ஏற்றிக்கொண்டிருந்தது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. என் மணிக்கட்டை நெரித்திருந்த செல்வியின் பிடி தளர்ந்தது. பயந்துபோய்ப் பார்த்தேன். "இப்பத் தாங்குது அக்கா" என்றாள்.

தாயும் மகளும் பிழைத்தார்கள்.

அதன்பின் யாரை ஏற்றினாலும் முதல் வேலையாகக் கியர் ராடு அந்த நிலைக்குப் போய்விடும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாவதைப் பார்த்து மேனேஜர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க டாக்டர், மிச்சம் பண்ணச் சொல்லிக் கம்பெனிக்காரனே வெச்சுக் குடுத்தத நீங்க நிறுத்துனா எப்படிங்க? இலைக்கு வெலை இல்லாத நேரத்துல?"

"வண்டிக்குப் பாரம் தெரியும், ஏத்தம் தெரியும்ங்க. உள்ள படுத்திருக்கறது யாருன்னு தெரியாதுங்களே."

"மாசத்துப் பெட்ரோல் அளவ ஒசத்த முடியாதுங்க. தீந்துச்சுன்னா வண்டி ஷெட்டுலதான் நிக்கும்."

"நான் ஒசத்தச் சொல்லலீங்களே" என்று சிரித்தார்.

ஞாயிறுதோறும் அதே வண்டியில் ஊட்டிக்குப் போய் ஆராதனை முடித்து, படுக்கையில் கிடந்த தம் அக்காவைப் பார்த்துவர அவருக்கு அனுமதி இருந்தது. அந்த வாரத்திலிருந்து பேருந்தில் போனார். கூடலூரிலிருந்து நிரம்பி வரும் பேருந்து. பெரும்பாலும் நின்றுகொண்டுதான் பயணம். "என்னங்க டாக்டரம்மா, கொம்பன் படுத்துக்கிச்சா?" என்று கேட்பார்கள். "ஞாயித்துக்கிழமை அதுக்கு லீவுங்க" என்பார். காரணத்தை என்னிடம்கூட அவர் சொன்னதில்லை. பெட்ரோல் இல்லையென்று ஒரு நோயாளியும் காத்திருக்காமல் மாதங்கள் கடந்தபோது நானே புரிந்துகொண்டேன்.

அந்தப் பேருந்தில் அவருக்கு இடம் கொடுத்தவர்களும் கொடுக்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் நின்றுகொண்டே போன வழிக்கான பெட்ரோல், அடுத்துப் படுக்கப்போகும் யாருக்காகவோ டேங்கில் இருந்தது.

அடக்கத்துக்குப் போய்த் திரும்பிய பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே பேருந்தில் ஏறினேன். இடம் இருந்தது. உட்காரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்து, பாதம் மரத்துப்போய் இறங்கியபோதுதான் ஊட்டி எவ்வளவு தூரம் என்று தெரிந்தது. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தத் தூரத்தைத்தான்.